தோளுக்கு ஏற்ற துப்பாக்கி

துப்பாக்கிக் கழகத்தில் வெள்ளி வேலைப்பாடு கொண்ட துப்பாக்கியும் கீறல் விழுந்த பழைய துப்பாக்கியும் அடுத்தடுத்து நின்றன. பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடப் பழக வந்த செவ்வந்தி முதலில் வெள்ளித் துப்பாக்கியை எடுத்தாள். தோளில் பதிய வேண்டிய அதன் பின்கட்டை அவளுக்கு நீளம். எறிந்த பன்னிரண்டு தட்டுகளும் தப்பின, தோள் கன்றிப்போனது.

“இவளுக்குச் சுடவே வராது,” என்றது வெள்ளித் துப்பாக்கி.

“என்னையும் எடுத்துப் பார்க்கட்டுமே,” என்றது பழையது.

செவ்வந்தி வீட்டுக்குப் போகவில்லை. பழைய துப்பாக்கியை எடுத்தாள். அது அவள் தோளில் பொருந்தி உட்கார்ந்தது. முதல் தட்டு தப்பியது.

“அடுத்ததை விடுங்கண்ணே!” என்றாள் தட்டு எறிபவரிடம்.

அந்தத் தட்டின் ஓரம் சிதறியது.

“ஓரம்தானே உடைந்தது!” என்றது வெள்ளித் துப்பாக்கி.

பழையதற்குப் பதில் சொல்ல நேரமில்லை. அடுத்த தட்டு பறந்துகொண்டிருந்தது.