பருத்தியில் படிந்த தூசி

சிமெண்ட் ஆலைப் புகையிலிருந்து தூசியை மின்சாரத்தால் இழுத்துப் பிடிக்கும் தகடுகள் மரியதாஸின் பொறுப்பில் இருந்தன. அன்று காலை முதல் அவை ஓயாமல் தீப்பொறி கக்கின. சூளையை நிறுத்திவிட்டுத்தான் பழுது பார்க்க வேண்டும். நிறுத்தினால் மறுபடி சூடேற்றுவதற்குள் மேலதிகாரியின் ஏச்சு தாங்காது. தகடுகளுக்குப் போகும் மின்சாரத்தை அணைத்துவிட்டுச் சூளையை ஓடவிட்டான். அப்படிச் செய் என்று யாரும் சொல்லவில்லை.

மாலையில் ஆலையை ஒட்டியிருந்த அக்கா லூர்துமேரியின் பருத்திக் காட்டுக்குப் போனான். வெடித்து நின்ற பருத்தியெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. அக்கா ஒவ்வொன்றாக ஊதிக்கொண்டிருந்தாள். ஊத ஊதத் தூசி பஞ்சுக்குள்தான் போயிற்று.

“எப்பக்கா இப்படி ஆச்சு?” தெரியாதவன் போலக் கேட்டான்.

“மத்தியானம் கொட்டுச்சுடா. எங்கிருந்து வந்துச்சோ! பக்கத்துக் காட்டுக்காரரு ஆலையத்தான் ஏசுனாரு. எந்தம்பி பாத்துக்கிற மிசினு, அவன் அப்படி விடமாட்டான்னு சண்டைக்கே போயிட்டேன்.”

மரியதாஸ் குனிந்து, அடுத்த செடியில் ஊதத் தொடங்கினான்.

“நீ தள்ளிக்கடா, கண்ணுல தூசி விழுந்துரும்” என்றாள் அக்கா.