வா என்று ஒரு வார்த்தை

மேடையில் மணப்பெண் அகிலா, மாப்பிள்ளை, ஐயர். மேடையை ஒட்டி அகிலாவின் அம்மா கோமதி. முன்வரிசையில் பிரமு. பிரமுவின் பக்கத்து நாற்காலியில் அவள் கணவர், அகிலாவின் பெரியப்பா.

அகிலாவின் அப்பா சிவசைலமும் வந்திருந்தார் என்று சிலர் சொல்வார்கள்.

சிவசைலம் இறந்து மூன்று வருஷம் ஆகிறது.

பெரியப்பா முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்கு முதுகு வைத்திருப்பதே மற்றவர்களுக்காகத்தான் என்பது போல.

தாரை வார்த்துக் கொடுக்க அப்பா இல்லாத பெண். பெரியப்பாவும் பெரியம்மையும் மணையில் உட்கார்ந்தால் ஊர் மெச்சும். இல்லையென்றால் தாய்மாமன் உட்காருவார். அண்ணன் இருந்தும் தம்பி மகளுக்கு ஆளில்லை என்று ஆகிவிடும். கோமதி பிரமு மூலமாகப் பலமுறை சொல்லி அனுப்பியிருந்தாள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு வந்தார். முன்வரிசையோடு நிறுத்திக்கொண்டார்.

எல்லாம் ஒரு வார்த்தையால் வந்தது.

எட்டு வருஷத்துக்கு முன்னால், அவர் பேரனுக்குக் காது குத்திய அன்று தம்பி வந்தான். செருப்புச் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. சிவசைலம் வலது காலைச் சற்று இழுத்து நடப்பான். ஒரு செருப்பு நடக்கும், ஒரு செருப்பு தரையைத் தேய்க்கும்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். தலையசைத்தார்.

தம்பி நிலைப்படியில் நின்றான்.

சற்று நேரம் நின்றான்.

திரும்பிப் போய்விட்டான்.

வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று சங்கரன்கோவில் முழுக்கச் சொன்னான். கூடப் பிறந்தவனுக்குத் தலையசைத்தால் போதாதா என்பது இவர் கட்சி. இரண்டு பேரும் இறங்கிவரவில்லை.

தம்பியின் சாவுக்குப் போனார். சாவு வீட்டில் யாரும் யாரையும் வா என்று கேட்பதில்லை.

நாதஸ்வரம் நின்றது. மேடைக்குப் பக்கத்தில் இருந்த பெரிய திரை ஒளிர்ந்தது.

இறந்தவர்கள் நடந்து வருவதுபோல் மதுரையில் யாரோ வீடியோ செய்து தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கோமதி தன் கணவரின் போட்டோ ஒன்றைக் கொடுத்திருந்தாள். ஒரு போட்டோ போதுமாம். மிச்சத்தை ஏஐ வரைந்துகொள்ளுமாம். பெரியவரிடம் மட்டும் சொல்லவில்லை. பயம்.

கல்யாணப் பத்திரிகையில் தம்பி பெயருக்கு முன்னால் தொழிலதிபர் என்று அச்சாகியிருந்ததைப் பார்த்து, அரிசிக்கடைக்காரன் எப்போது அதிபரானான் என்று கேட்டனுப்பியவர் அவர். இந்தக் குடும்பத்தில் பொய் சொல்லிப் பெண் கொடுத்ததில்லை என்றார். பத்திரிகையை மறுபடி அச்சடித்தார்கள்.

திரையில் ஒரு வாசல். இரண்டு வாழைமரம், மாவிலைத் தோரணம். தூரத்திலிருந்து சிவசைலம் நடந்து வந்தான். பட்டு வேட்டி. உள்ளதைவிட நிறம் கொஞ்சம் கூடுதல். பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. அகிலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மங்கல நேரத்தில் செத்தவனைக் கூப்பிடலாமா என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார்.

திரையில் வந்தவன் நிலைப்படியில் நின்றான். உள்ளே வரவில்லை. கைகூப்பி நின்றான்.

பெரியவர் எழுந்தார்.

கோமதி வீடியோக்காரரைப் பார்த்தாள். நிறுத்தச் சொல்லப்போகிறார். மண்டபம் முழுக்க அப்படித்தான் நினைத்தது. வீடியோக்காரரின் கை தானாகவே வயர் பக்கம் போனது.

அவர் மேல்துண்டைத் தோளில் சரியாகப் போட்டார். தொண்டையைக் கனைத்தார்.

"வா," என்றார்.

பிறகு, கொஞ்சம் மெதுவாக, "உள்ள வாடே."

திரையில் நின்றவன் உள்ளே வந்தான். அது ஏற்கெனவே அப்படித்தான் செய்யப்பட்டிருந்தது.

பிரமு அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"இதச் சொல்லாம எட்டு வருஷமா வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்திய?"

அவர் மேடைப் படியில் கால் வைத்தார். ஏறுவதற்குக் கோமதியின் தம்பி கை நீட்டினார். அந்தக் கையை அவர் பிடித்துக்கொண்டது எல்லாருக்கும் ஆச்சரியம்.

மாப்பிள்ளையின் கை மேல் அகிலாவின் கை. அதன் மேல் அவர் கை. பிரமு செம்பைச் சாய்த்தாள். தண்ணீர் சிந்தாமல், அறுபடாமல் இறங்கியது.

பந்தியில் பாயசம் இன்னொரு தடவை கேட்டு வாங்கினார். எந்த வீட்டிலும் கேட்டு வாங்குகிறவர் அல்ல அவர்.

இலை எடுப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டார் நடுவே ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. பெரியவருக்கு வயதாகிவிட்டது, பாவம், கம்ப்யூட்டர் செய்த படத்தைப் பார்த்து நிஜமாகவே தம்பி வந்துவிட்டான் என்று ஏமாந்து எழுந்துவிட்டார் என்று.

அது தவறு.

அவன் நிலைப்படிக்கு வந்து சேரும் முன்பே அவன் கால்களை அவர் பார்த்துவிட்டார்.

திரையில் வந்தவன் இரண்டு காலையும் ஒன்றுபோல் ஊன்றி நடந்தான்.