எழுதியாச்சு

இன்னும் நெருங்கி உட்காருங்கள், சத்தமாகச் சொல்கிற கதையில்லை இது.

ஒரு ஆஸ்பத்திரி சர்வர் பெட்டிக்குள் இருந்த ஹார்டு டிஸ்க் என்கிற பழைய சுழல்தட்டு தேய்ந்துபோனது. நோயாளிகள் விவரத்தை எழுதிவைக்க வேறு ஆள் வேண்டுமென்றதும், சுழலாமல் சில்லுகளிலேயே எழுதிவைக்கும் எஸ்எஸ்டிகள் இரண்டு, மூத்தது ஒன்றும் இளையது ஒன்றுமாக, வந்து நின்றன.

"எழுதி முடிச்சப்புறந்தான் முடிச்சேன்னு சொல்லுவேன் அண்ணாச்சி. கரண்டு போனாலும் கைவேலையை முடிக்க, மடியில கொஞ்சம் மின்சாரம் முடிஞ்சு வச்சிருக்கேன்" என்றது மூத்தது, பெட்டியிடம்.

இளையது சிரித்தது. "கட்டுச்சோத்தோட வந்திருக்காரு பாருங்க. நீங்க வாய மூடுமுன்ன நான் எழுதியாச்சும்பேன்."

அந்தச் சுறுசுறுப்பில் பெட்டி மயங்கிப்போய் இளையதையே சேர்த்துக்கொண்டது.

ஒருநாள் மத்தியானம் பெட்டி சொன்னது: "செண்பகவல்லிங்கிற நோயாளிக்குப் பென்சிலின் ஆகாது."

"எழுதியாச்சு" என்றது இளையது. எழுத்து பதியுமுன்னே, அந்த நொடியே கரண்டு போனது.

கரண்டு வந்ததும் பெட்டி பதறிக் கேட்டது. "செண்பகவல்லிக்கு ஏதோ ஆகாதுன்னு சொன்னேனே, என்னது?"

"அப்படி ஒரு வரியே இல்லையே அண்ணாச்சி."

வார்டில் நர்ஸ் திரையைப் பார்த்தாள். ஆகாத மருந்தை எழுதும் இடம் காலியாக இருந்தது. பென்சிலின் ஊசியைப் போட்டாள்.

சாயங்காலம், செண்பகவல்லி இறந்துபோனார் என்று ஒரு வரி வந்தது. பெட்டி அதைச் சொல்ல முடியாமல் சொன்னது.

"எழுதியாச்சு" என்றது இளையது. இந்தமுறை கரண்டு போகவில்லை. ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதிவைத்தது.