மிளகாய் பஜ்ஜி

சாந்தோம் மைதானத்தில் கோடைக் கலைவிழா. வெயில் இறங்காத மாலையில் மேடையில் பறை அதிர்கிறது. தட்டை மடியில் வைத்தபடி ஆனி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு அவள் நாக்குக்கு எதுவும் உறைப்பதில்லை, இனிப்பதில்லை. கணவன் பிரகாசத்திடம் இன்னும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து அவளை வெளியே கூட்டிவந்த சந்தோஷத்தில் அவன் கடை கடையாக ஓடுகிறான். “சுண்டல் எப்டி கீது?” “சூப்பரா கீது.” உடனே அடுத்த தட்டு வருகிறது. அவன் முகத்தில் இருக்கும் சிரிப்பைப் பார்த்ததும், ‘போதும்’ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மிளகாய் பஜ்ஜி ஒன்றை நிதானமாக மென்று முடிக்கிறாள். இன்னொன்றைக் கடித்த பிரகாசத்துக்குப் புரையேறி, கண்ணில் நீர் கொட்டுகிறது. தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்க்கிறான். “எத்தினி நாளா இப்டி, ஆனி?” என்கிறான்.