வால் உடைந்த மரமீன்

மூன்றாவது பலகையிலும் எண்கள் சரியாகவே இருந்தன. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நீச்சல் குளத்தின் அடியில் இருபது மரமீன்கள் கயிற்றில் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. பவளத்திட்டில் மீன் எண்ணுபவர்களுக்கு வருடா வருடம் நடக்கும் பரீட்சை இது. ஒவ்வொரு மீனின் நீளத்தையும் கண்ணாலேயே மதிப்பிட்டு, பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுத வேண்டும். தண்ணீருக்குள் எல்லாமே பெரிதாகத் தெரியும். அதைக் கழித்துப் பார்க்கக் கண்ணைப் பழக்க வேண்டும்.

இந்த வருடம் பரீட்சை முடிந்து, கடலில் எண்ணியும் முடித்தாயிற்று. இது இரண்டாம் பரீட்சை. குழுத் தலைவியான அவளே கோபத்தில் வைத்தது.

போன கோடையில் அந்தத் திட்டில் பாதிப் பவளம் வெளுத்துச் செத்தது. ஆனால் அறிக்கையோ கால்வாசி மீன்கள் பத்தில் ஒரு பங்கு நீண்டுவிட்டன, மூன்றில் ஒரு பங்கு எடை கூடிவிட்டன என்கிறது. அடுப்பு எரியாத வீட்டில் பிள்ளைகள் மட்டும் எப்படிக் கொழுக்கும்?

அந்த அறிக்கையைக் காட்டித்தான், பத்தொன்பது வருடம் வலை படாத திட்டைத் திங்கட்கிழமை படகுகளுக்குத் திறந்துவிடப் போகிறார்கள்.

"யாருடைய கணக்கு தப்பு என்று பெயரோடு எழுதிக் கொடுங்கள், உத்தரவை நிறுத்துகிறேன்" என்று இயக்குநர் சொல்லிவிட்டார். இன்று மாலை ஐந்து மணிக்குள். பெயர் வந்த ஆள் இனி இந்தக் கணக்கெடுப்பில் கடலுக்குள் இறங்க முடியாது.

நான்கு பேரின் எண்களும் கணினியில் ஒன்றாகக் கலந்துவிடும். பலகைகளை அன்றன்றே தேய்த்து அழித்துவிடுவார்கள். ஆனாலும் யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தங்கை புருஷன்தான். வேலை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். வீட்டில் 'வாங்க தம்பி', வேலையில் 'நீ'. வந்த நாளிலிருந்தே தாமதம், தண்ணீருக்கடியிலும் ஏதாவது ராகம்.

"பாட்டுப் பாடிக்கிட்டே எண்ணினா மீனு வளராம என்ன செய்யும்?" என்று காலையில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். கடிதத்தில் அவன் பெயரை எழுதி, கையெழுத்தும் போட்டுப் பையில் வைத்துவிட்டாள். கையும் களவுமாகப் பிடிப்பது ஒன்றுதான் பாக்கி.

அந்த மூன்றாவது பலகை அவனுடையதுதான். கடைசி ஆளாக மேலே வந்தான். பலகையை நீட்டினான்.

கையை எட்ட நீட்டிப் பிடித்துப் படித்தாள். இருபதும் சரி. மற்ற இருவரைவிடவும் சுத்தமாக, ஒரு செண்டிமீட்டர்கூடப் பிசகாமல்.

அவள் எண்ணிப் பார்த்தாள். மூன்று பேர் சரி. பலகைகள் மூன்றுதான். நான்காவது பலகை என்று ஒன்று இல்லை. பரீட்சை வைக்கிறவளை யாரும் பரீட்சித்ததில்லை.

"நீங்களும் ஒரு தடவை இறங்கிப் பாத்துடுங்களேன் அக்கா" என்றான் அவன், தலையைத் துவட்டியபடி.

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இவனுக்கு மீன் எது, மீன் நிழல் எது என்று சொல்லிக் கொடுத்ததே அவள். கயிற்றில் இருக்கும் இருபதின் நீளமும் அவளுக்கு மனப்பாடம். அது அவனுக்கும் தெரியும். ஓரத்தில் கிடந்த, வால் உடைந்ததால் ஒதுக்கிய மரமீனை எடுத்து, கல் கட்டித் தண்ணீரில் இறக்கினான். உடைந்த பிறகு அதை யாரும் அளந்ததில்லை.

வாயை அடைக்கிறேன் பார் என்று தன் நீச்சல் மாஸ்க்கை மாட்டிக்கொண்டாள். பல் துலக்கும் பிரஷ்ஷைக்கூட அவளிடம் கடன் கேட்கலாம், மாஸ்க்கைக் கேட்கக் கூடாது என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். யாரையும் அவள் அதைத் தொட விடுவதில்லை.

இறங்கினாள். பார்த்தாள். முப்பத்து மூன்று என்று எழுதிக்கொண்டு மேலே வந்தாள்.

அவன் மீனை எடுத்துவந்து அளவு நாடாவை வைத்தான். முப்பது.

நாடாவைப் பிடுங்கி அவளே அளந்தாள். முப்பது. தலைகீழாகத் திருப்பி அளந்தாள். சனியன் பிடித்த கட்டை, முப்பதுக்கு மேல் அசையவில்லை.

பத்தில் ஒரு பங்கு.

மற்ற இருவரும் குளத்து நீரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் மட்டும் மெல்ல, பழக்கம் விட்டிருக்கும் அக்கா, ஒரு தடவை தப்பினால் என்ன என்று இழுத்தான். இரக்கப்பட்டான். அவன் பாடியதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

"வாயை மூடிட்டு இதைப் போட்டுப் பாரு" என்று மாஸ்க்கைக் கழற்றி அவன் கையில் திணித்தாள்.

அவன் திருப்பிப் பார்த்தான். கண்ணாடிக்கு உள்பக்கம் இரண்டு வில்லைகள் ஒட்டியிருந்தன.

போன வருடக் கணக்கெடுப்பு முடியும்போதே பலகையில் எழுதும் எண்கள் அவளுக்கு எறும்பு ஊர்வதுபோல் ஆகிவிட்டன. சொன்னால் கரையில் உட்கார வைத்துவிடுவார்கள். யாருக்கும் தெரியாமல், வேறொரு ஊரில் போய் வில்லை பதித்துக்கொண்டு வந்தாள். எழுத்து பெரிதாகத் தெரிந்தது. அந்த நிம்மதியில், மீனும் கூடவே பெரிதாகியிருக்கும் என்று ஒருநாள்கூடத் தோன்றவில்லை அந்த மண்டைக்கு.

மணி நாலேமுக்கால்.

பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். அவன் பெயரை அடித்த அடியில் தாள் கிழிந்தது. கிழிசலுக்கு மேலே தன் பெயரை எழுதினாள். நேராக எழுதினாளா, கோணலாக எழுதினாளா என்று அவளுக்கே தெரியவில்லை. வில்லைகள் அவன் கையில் இருந்தன.