சிரிக்காத ஏழாம் வகுப்பு

வகுப்பறைச் சுவரில் இருந்த திரை இன்றும் பதினொன்று என்றே காட்டியது. பிள்ளைகள் ஆசிரியரிடம் எவ்வளவு ஒட்டிக்கொண்டார்கள் என்று அவர்கள் முகத்தையும் நடத்தையையும் பார்த்து நூற்றுக்குக் கணக்கிட்டுச் சொல்லும் திரை அது. மூன்று மாதமாக இருபதைத் தாண்டாத ஆசிரியருக்கு அந்தப் பள்ளியில் இடமில்லை. பூங்கோதைக்கு இன்று கடைசி நாள்.

அவள் என்னதான் செய்யவில்லை? வகுப்பை ஐந்து குழுவாகப் பிரித்து, யார் பக்கத்தில் யார் இருந்தால் வாய் திறப்பார்கள் என்று பார்த்துப் பார்த்து உட்காரவைத்தாள். பின்னக் கணக்குக்குக் கொய்யாப்பழத்தை அறுத்து, மிளகாய்ப்பொடி தூவிக் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டுச் சுவரையே பார்த்தார்கள் பாவிப் பிள்ளைகள்.

பையோடு கிளம்பியவளின் முந்தானையை மூன்றாம் குழுத் தலைவி நிலோஃபர் பிடித்துக்கொண்டாள்.

"போகாதீங்க மிஸ். உங்கள எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

"அப்புறம் ஏன்டி ஒரு நாள்கூட சிரிக்கல?"

"போன வருஷம் ஸ்டெல்லா மிஸ்கிட்ட நல்லா சிரிச்சோம். தொண்ணூறு வந்துச்சு. இவ்ளோ நல்ல மிஸ் வேற ஸ்கூலுக்கு வேணும்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க. அதான் உங்ககிட்ட யாரும் சிரிக்கக் கூடாதுன்னு சத்தியம் பண்ணிக்கிட்டோம்."

பூங்கோதை அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். வகுப்பே ஓடிவந்து அவளைச் சூழ்ந்துகொண்டு அழுதது. திரையில் எண் ஏறிக்கொண்டே போய்த் தொண்ணூற்றாறில் நின்றது. இனி வேலை தங்கினாலும், ஸ்டெல்லா மிஸ்ஸைப் போல அவளையும் வேறு பள்ளிக்குக் கூட்டிப்போய்விடுவார்கள்.

"புது மிஸ் வந்தா, நல்லா சிரிக்கணும். சரியா?"

நிலோஃபர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"எவ்ளோ சிரிச்சா போகமாட்டாங்க மிஸ்?"