செண்டுமல்லி மாப்பிள்ளை

பெண் வீட்டார் அடி அண்ணாமலை கிராமத்துக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள் என்றதும், சகாதேவன் மண்வெட்டியோடு வாசலை ஒட்டிய தன் செண்டுமல்லித் தோட்டத்தில் இறங்கினான். இதற்கு முன் வந்தவர்களெல்லாம் அந்தப் பூவைப் பார்த்துத்தான் வந்த வேகத்தில் திரும்பிப் போனார்கள்.

“பூத்து நிக்கற செடிடா, பாவம்டா!” என்றாள் அக்கா ரேவதி.

“நாப்பது வயசுல நான் தனியா நிக்கறேனே, அது பாவம் இல்லியாக்கா? இந்த இடமும் போச்சுன்னா காவி கட்டிக்கிட்டுக் கிரிவலப் பாதையில உட்கார வேண்டியதுதான்.”

சாயங்காலத்துக்குள் தோட்டம் மொட்டையாகிவிட்டது.

மறுநாள் வந்த பெண்ணின் அப்பா வெறும் மண்ணைப் பார்த்துத் திகைத்தார். “செண்டுமல்லி போடறீங்கன்னு தரகர் சொன்னாரே?”

“எல்லாத்தையும் நேத்தே பிடுங்கிட்டேன் மாமா!” சகாதேவன் பெருமையாக முந்திக்கொண்டான். “பொணத்துக்குப் போடற பூ, நம்ம வாசல்ல எதுக்குங்க?”

அவர் முகம் சுண்டிப்போனது.

“நான் சாவு வண்டி ஓட்டறவன் தம்பி. வண்டிக்கு மாலை கட்டறது என் பொண்ணுதான். அதுக்காகவே ஒருத்தரும் எங்க வீட்டுல பொண்ணு எடுக்க வரல. செண்டுமல்லி போடறவரு எங்களைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டாருன்னு நம்பி வந்தோம்.”

வந்த ஆட்டோவிலேயே திரும்ப ஏறிக்கொண்டார். சகாதேவன் அதன் பின்னாலேயே ஓடினான்.

“மாமா, நாளைக்கே நாத்து நடறேன்! ரெண்டே மாசத்துல பூத்துடும் மாமா!”